கையெழுத்துக்கும் சேரும் நாளுக்கும் நடுவே

மும்பையின் செம்பூர் வட்டாரத்தில் ஒரு தலைமுறை முழுக்க, வேலையில் சேர்ந்த பிறகுதான் சம்பளம் பேசியது. எஸ்ஸோவின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1954-இலும் பர்மா ஷெல் ஆலை 1955-இலும் இங்கே இயங்கத் தொடங்கின. பின்னாளில் அரசுடைமையாகி ஹெச்பிசிஎல், பிபிசிஎல் என்று பெயர் மாறின. டிராம்பேயில் அணு ஆராய்ச்சி நிலையமும் உரத் தொழிற்சாலையும் வந்தன. ஹார்பர் லைன் ரயிலேறி விக்டோரியா டெர்மினஸில் இறங்கினால் ஃபோர்ட் பகுதியில் வங்கிகள். இவற்றில் கிளார்க்காகவோ ஸ்டெனோவாகவோ டெக்னீஷியனாகவோ சேர்ந்த தமிழர்கள், நியமன ஆணையில் இருந்த தொகையைப் பற்றி மேலதிகாரியிடம் வாய் திறந்ததில்லை. ஸ்கேல் இன்னது, பஞ்சப்படி இன்னது என்று அச்சடித்துத்தான் வரும். கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தார்கள். பேரம் அதற்குப் பின்னால், சங்கத்தின் மூலம் நடந்தது.

வங்கி ஊழியர்களின் கதை இதற்கு நல்ல சான்று. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த பஞ்சாபகேச சாஸ்திரியின் தலைமையில் அமைந்த தீர்ப்பாயம் 1953-இல் வழங்கிய முடிவு, ‘சாஸ்திரி அவார்டு’ என்று இன்றும் பேசப்படுகிறது. 1966 அக்டோபர் 19 அன்று வங்கிகளின் சங்கமும் ஊழியர் சங்கங்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து முதல் இருதரப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அந்த வரிசையில் 12-ஆவது ஒப்பந்தம் 2024 மார்ச் 8 அன்று முடிவானது. 17 சதவீத உயர்வு, 2022 நவம்பர் 1-ஆம் தேதியிலிருந்தே கணக்கு. பழைய சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டு இடையில் வேலையில் சேர்ந்தவருக்கும், ஒரு வார்த்தை பேசாமலே, நிலுவைத் தொகை கணக்கில் விழுந்தது.

திலக் நகரிலிருந்து இன்று வேலைக்குப் போகும் பிள்ளைகளில் பலருக்கு அந்த வசதி கிடையாது.

செம்பூருக்கும் குர்லாவுக்கும் நடுவே, லோகமான்ய திலக் டெர்மினஸுக்குப் பக்கத்தில், மகாராஷ்டிர வீட்டுவசதி வாரியம் கட்டிய பழைய காலனி இது. கோயம்புத்தூருக்கு வண்டி பிடிப்பவர்கள் நன்கு அறிந்த இடம். நான்கு மாடிக் கட்டடங்கள் இடிக்கப்பட்டு வானுயர்ந்த கோபுரங்கள் எழுந்துகொண்டிருக்கின்றன. 2014 ஏப்ரலில் சாந்தாகுருஸ்–செம்பூர் இணைப்புச் சாலை திறக்கப்பட்ட பிறகு, பாந்த்ரா–குர்லா காம்ப்ளெக்ஸின் நிதி நிறுவனங்கள் இந்தப் பகுதிக்குக் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டன. இன்னொரு பக்கம் ஹார்பர் லைனில் வாஷி, பேலாப்பூர் அலுவலகங்கள். இங்கெல்லாம் சம்பளத்தை ஒவ்வொருவரும் தனியாகப் பேசியாக வேண்டும். அதைப் பேச ஒரே ஒரு தருணம்தான் இருக்கிறது என்பதைப் பலர் அந்தத் தருணம் போன பிறகே உணர்கிறார்கள்.

கூட்டாகப் பேசும் பழக்கம் மும்பையில் தானாகத் தேயவில்லை. குர்லாவின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸில் செல்வாக்குப் பெற்ற தத்தா சாமந்தின் தலைமையில் 1982 ஜனவரி 18 அன்று சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது முறையாக முடிவுக்கு வரவே இல்லை. ஆலைகள் மூடப்பட்டன, அந்த நிலங்களில் மால்களும் அலுவலகங்களும் எழுந்தன. புதிய அலுவலகங்களில் சங்கம் என்ற பேச்சே எழாமல் பார்த்துக்கொள்ளப்பட்டது.

சங்கம் இருந்த இடத்தில் இப்போது ரெக்ரூட்டரின் மூன்று கேள்விகள் இருக்கின்றன. கரண்ட் சிடிசி (நிறுவனம் ஓர் ஊழியருக்காகச் செய்யும் மொத்தச் செலவு) எவ்வளவு, எக்ஸ்பெக்டட் சிடிசி எவ்வளவு, நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள்? முதல் கேள்விக்குப் பதில் சொன்ன கணமே பேரத்தின் எல்லை ஏறக்குறைய வகுக்கப்பட்டுவிடுகிறது. அதன் மேல் ஒரு சதவீதம் ஏற்றி ஆஃபர் லெட்டர் வரும். இரண்டு மூன்று நாளுக்குள் ‘அக்செப்ட்’ பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். அழுத்திவிட்டு, வீட்டில் இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு, ராத்திரி லெட்டரின் கடைசிப் பக்கத்திலுள்ள அட்டவணையை நிதானமாகப் பார்க்கும்போதுதான் வயிற்றில் புளி கரைக்கும்.

அந்த அட்டவணையைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். உதாரணத்துக்கு, ஆண்டுக்கு 12 லட்சம் சிடிசி என்று ஒரு ஆஃபர். மாதம் ஒரு லட்சம் என்று வீட்டில் கணக்குப் போட்டிருப்பார்கள். இதில் ‘வேரியபிள் பே’ 1,20,000. நிறுவனம் நன்றாக நடந்து, மேலாளரும் நல்ல மதிப்பெண் போட்டால் வருவது. அடிப்படைச் சம்பளம் 6,00,000 என்றால், நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்பு நிதி 12 சதவீதமாக 72,000. பணிக்கொடைக்காக ஒதுக்குவது 4.81 சதவீதம், அதாவது 28,860. குழுக் காப்பீட்டுக்கு 9,140. இவை எல்லாம் சேர்ந்து 2,30,000 ரூபாய். மீதி 9,70,000-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 80,833. அதிலும் ஊழியர் பங்காக வைப்பு நிதிக்கு 6,000, மகாராஷ்டிரத் தொழில் வரி 200 போகும். புதிய வருமான வரி முறையில் இந்த வருமானத்துக்கு 2025–26 நிதியாண்டில் வரி வராது என்றாலும், கைக்கு வருவது 74,633.

ஒரு லட்சத்துக்கும் இதற்கும் இடையே 25,367 ரூபாய் இருக்கிறது. இதில் ஒரு பகுதி வைப்பு நிதியில் ஊழியருக்கே சேமிப்பாகச் சேர்கிறது என்பது உண்மை. ஆனால் வீட்டு வாடகையைப் பிஎஃப் பாஸ்புக்கில் இருந்து கொடுக்க முடியாது. ஆஃபரை ஏற்ற பிறகு சம்பளம் பேச வருபவர்களில் கணிசமானோர் பேராசைக்காரர்கள் அல்ல. எண்ணைப் படித்தார்கள், அட்டவணையைப் படிக்கவில்லை.

இப்போது கேட்கலாமா? சட்டத்தின் பதில் எளிமையானது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 7-ஆம் பிரிவில், ஏற்பு என்பது முழுமையாகவும் நிபந்தனையின்றியும் இருக்க வேண்டும் என்கிறது. “சம்மதம், ஆனால் இன்னும் ஒரு லட்சம் சேர்த்துக் கொடுங்கள்” என்று எழுதினால் அது ஏற்பு ஆகாது, எதிர் முன்மொழிவு ஆகிவிடும். நிபந்தனையின்றி ஏற்றுக் கையெழுத்திட்டால் ஒப்பந்தம் உருவாகிவிட்டது. அதன் பிறகு 62-ஆம் பிரிவு: இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் பழைய ஒப்பந்தத்தை மாற்றி எழுதலாம். ஆகவே கேட்பது குற்றமில்லை, மறுப்பதும் குற்றமில்லை. கேட்டதாலேயே ஒப்பந்தம் முறிந்துவிடாது. ஆனால் பெரும்பாலான ஆஃபர் லெட்டர்களில், சேரும் முன்பே விலக்கிக்கொள்ளும் உரிமையை நிறுவனம் எழுதி வைத்திருக்கும். வேலை போன்ற தனிமனிதச் சேவை ஒப்பந்தங்களை நிறைவேற்றியே தீர வேண்டும் என்று நீதிமன்றம் பொதுவாகக் கட்டாயப்படுத்தாது. அதிகபட்சம் நஷ்டஈடு கோரலாம். அதற்காக வழக்குப் போட எந்தப் புதுப் பட்டதாரிக்குத் தெம்பு இருக்கிறது?

சட்டத்தைத் தாண்டி, எப்போது கேட்பது நியாயம் என்பதற்கு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டு கப்பல் வழக்குகள் நல்ல அளவுகோலைத் தருகின்றன. லண்டனிலிருந்து பால்டிக் கடலுக்குப் போன கப்பலில் பதினோரு மாலுமிகள். க்ரோன்ஸ்டாட் துறைமுகத்தில் இருவர் ஓடிவிட்டார்கள். அவர்களுடைய கூலியை மீதி ஒன்பது பேருக்கும் பிரித்துத் தருவதாகக் கேப்டன் வாக்குக் கொடுத்தார். ஊர் திரும்பியதும் தரவில்லை. ஸ்டில்க் என்ற மாலுமி தொடுத்த அந்த வழக்கை 1809-இல் லார்டு எல்லன்பரோ தள்ளுபடி செய்தார். வழியில் ஆள் குறைவது கடற்பயணத்தில் எதிர்பார்க்க வேண்டியதுதான், ஒப்புக்கொண்ட வேலையைத்தான் மாலுமிகள் செய்தார்கள் என்பது காரணம். 1857-இல் ஹார்ட்லி என்பவரின் வழக்கில் நிலைமை வேறு. ஆஸ்திரேலியத் துறைமுகத்தில் 36 பேரில் 17 பேர் ஓடிவிட, மிச்சமிருந்தவர்களில் தேர்ந்த மாலுமிகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. பயணமே ஆபத்தாகிவிட்டது. அந்த நிலையில் வாக்களித்த 40 பவுண்டைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றது நீதிமன்றம். ஒப்புக்கொண்ட வேலை அப்படியே இருந்தால் பழைய கூலி, வேலையின் தன்மையே மாறிவிட்டால் புதுப் பேரம் என்பது இவற்றின் சாரம்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், மும்பை என்று சொல்லிவிட்டுப் பெங்களூருக்கு அனுப்பினாலோ, வாயால் சொன்ன கட்டமைப்பும் லெட்டரில் உள்ளதும் வேறாக இருந்தாலோ, தனியாளாகச் செய்யும் வேலை என்றது பத்துப் பேரை மேய்க்கும் பொறுப்பாக மாறினாலோ, கையெழுத்துக்குப் பிறகும் சம்பளம் பேசுவது முழு நியாயம். நண்பனுக்குக் கூடுதலாகக் கிடைத்தது என்பது நியாயமான காரணம் ஆகாது.

ஆனால் இந்த அளவுகோலுக்கு நிறுவனங்கள் கட்டுப்படுகின்றனவா?

2023 பிப்ரவரியில் விப்ரோ, 2022-இல் படிப்பை முடித்து ஆண்டுக்கு 6.5 லட்சம் என்ற ஆஃபரோடு காத்திருந்த புதியவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. 3.5 லட்சத்துக்குச் சம்மதமா என்று கேட்டது. பதில் சொல்லச் சில நாட்களே அவகாசம். சம்மதித்தால் உடனே வேலை, பழைய ஆஃபர் ரத்து. மறுத்தால் பழைய ஆஃபர் அப்படியே இருக்கும், எப்போது சேர்த்துக்கொள்வார்கள் என்ற உறுதி மட்டும் இருக்காது. பூனாவைச் சேர்ந்த ஐ.டி. ஊழியர் அமைப்பான நைட்ஸ் இதைக் கண்டித்தது. 92 சதவீதம் பேர் குறைந்த சம்பளத்தைத் தேர்ந்தெடுத்ததாக நிறுவனத்தின் தலைமை நிதி அதிகாரி பின்னர் தெரிவித்தார். ஆஃபரை ஏற்ற பிறகு நடந்த சம்பளப் பேரங்களில் இந்தியாவில் பரவலாகப் பேசப்பட்ட ஒன்று இது. பேரம் பேசியது நிறுவனம்.

தமிழ்நாட்டுக்கு இதைவிடக் கசப்பான அனுபவம் உண்டு. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட எல் அண்ட் டி இன்ஃபோடெக், 2014-இல் தமிழகக் கல்லூரிகளில் வளாகத் தேர்வு நடத்தி எடுத்த சுமார் 1,500 பேரின் ஆஃபர்களை 2016-இல் விலக்கிக்கொண்டது. பின்னால் வைத்த தேர்வில் அவர்கள் தேறவில்லை என்றது. சென்னையில் அந்த இளைஞர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். பல கல்லூரிகளில் ‘ஒரு மாணவருக்கு ஒரு வேலை’ என்பது விதி. ஒரு ஆஃபரை ஏற்றவர் அடுத்து வரும் நிறுவனத்தின் தேர்வில் உட்காரவே முடியாது. மாணவரின் கையைக் கட்டிப்போட்ட அதே விதி நிறுவனத்தின் கையைக் கட்டவில்லை. அதே ஆண்டில் ஃபிளிப்கார்ட் தன் வளாகத் தேர்வாளர்கள் சேரும் நாளை ஜூனிலிருந்து டிசம்பருக்குத் தள்ளியபோது, அகமதாபாத் ஐஐஎம் கடிதம் எழுதி ஆட்சேபித்தது. ஆகஸ்டில் ஐஐடிகளின் வேலைவாய்ப்புக் குழு, வாக்குத் தவறியவை உள்ளிட்ட 31 நிறுவனங்களைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. பின்னால் நின்று பேச ஒரு பெரிய கல்வி நிறுவனம் இருந்தவர்களுக்கு அந்த அளவுக்காவது குரல் கிடைத்தது.

சிக்கல் இருப்பது கையெழுத்துக்கும் சேரும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தில். வேலையில் சேர்ந்துவிட்ட தொழிலாளியின் சம்பளத்தை அவருக்குப் பாதகமாக மாற்ற வேண்டுமானால் 21 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்றது தொழில் தகராறு சட்டத்தின் 9-ஏ பிரிவு. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. அதே நாளில் அமலான இன்னொரு தொகுப்புச் சட்டம் நியமன ஆணையைக் கட்டாயமாக்குகிறது. இந்தப் பாதுகாப்புகள் எல்லாம் அலுவலக வாசலைத் தாண்டி உள்ளே போனவருக்கு உரியவை. பழைய வேலையை ராஜினாமா செய்துவிட்டு, புதிய வேலையில் சேராமல் நிற்பவர் சட்டத்தின் கண்ணில் யாருடைய ஊழியரும் அல்ல. அவருக்கு மிஞ்சுவது 1872-ஆம் ஆண்டுச் சட்டம் மட்டும்.

ரெக்ரூட்டர் தரப்பிலும் குறை இல்லாமல் இல்லை. ஐ.டி. துறையில் 90 நாள் நோட்டீஸ் சாதாரணமாகிவிட்டது. மூன்று மாதம் கையில் இருக்கும் ஒருவர், ஒரு ஆஃபரைக் காட்டி இன்னொன்று, அதைக் காட்டி மூன்றாவது என்று ‘ஷாப்பிங்’ போகிறார். சேர வேண்டிய திங்கட்கிழமை காலையில் போன் ஸ்விட்ச் ஆஃப். இப்படி நொந்தவரிடம், நிஜமான காரணத்தோடு ஒருவர் பேச வந்தாலும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். 90 நாள் என்ற நிபந்தனையை வைத்ததும் நிறுவனங்கள்தான் என்பதை அவர் வசதியாக மறந்துவிடுவார் என்பது வேறு விஷயம்.

சேரும்போது போட்ட கையெழுத்து எவ்வளவு கனமானது என்பதை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் நினைவூட்டியது. விஜயா வங்கியில் மூன்று ஆண்டு பணியாற்றுவதாக ஒப்புக்கொண்டு 2007-இல் சேர்ந்த அதிகாரி ஒருவர் 2009-இல் வேறு வங்கிக்குப் போனார். ஒப்பந்தப்படி 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. அந்த நிபந்தனை செல்லும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊழியருக்குக் கட்டுப்பாடு, எண்ணிக்கையோடு, ரூபாயோடு எழுதப்பட்டிருக்கிறது. வாக்கு மாறும் நிறுவனம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுதிய ஆஃபர் லெட்டரைப் பார்ப்பது அரிது.

இந்த இடைவெளியை அடைத்த நாடுகள் உண்டு. அங்கே போய் உழைப்பவர்களில் தமிழர்களும் ஏராளம். சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டுக்கான முன் அனுமதிக் கடிதத்தில் மாதச் சம்பளம் எழுதப்படுகிறது. தொழிலாளி ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே அவருக்குத் தெரிந்த மொழியில் அது கைக்குக் கிடைக்க வேண்டும். தொழிலாளியின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமலும், மனிதவள அமைச்சகத்துக்குத் தெரிவிக்காமலும் அந்தத் தொகையைக் குறைக்க முடியாது. ஊரில் ஒரு ஒப்பந்தம், அங்கே இறங்கியதும் வேறொரு ஒப்பந்தம் என்ற வளைகுடா மோசடியைத் தடுக்க, ஐக்கிய அரபு அமீரகம் 2016 ஜனவரி முதல் ஆஃபர் லெட்டருக்கு ஒரே மாதிரிப் படிவத்தைக் கொண்டுவந்து, அதை அரசிடம் பதிவு செய்ய வைத்தது. கட்டடத் தொழிலாளிக்குக் காகிதத்தில் கிடைக்கும் இந்த உறுதி, பாந்த்ரா–குர்லா காம்ப்ளெக்ஸில் சேரப்போகும் எம்பிஏ பட்டதாரிக்குக் கிடையாது.

கேட்கத் தயங்குபவர்கள் யார் என்பதும் ஆராயப்பட்ட விஷயம். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பட்டதாரிகளிடையே லிண்டா பாப்காக் நடத்திய ஆய்வில், முதல் சம்பளத்துக்குப் பேரம் பேசியவர்கள் ஆண்களில் 57 சதவீதம், பெண்களில் 7 சதவீதம். பேசியவர்களுக்குச் சராசரியாக 7.4 சதவீதம் கூடுதலாகக் கிடைத்தது. தயக்கத்துக்குக் காரணம் கூச்சம் மட்டுமே என்று சொல்ல முடியாது. ஹன்னா ரைலி போல்ஸும் பாப்காக்கும் லெய் லாயும் 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பேரம் பேசும் பெண்ணோடு வேலை செய்ய மதிப்பீட்டாளர்கள் அதிகம் தயங்கினார்கள். அதனால் சில இடங்களில் தீர்வை ஊழியரின் துணிச்சலிடம் விடாமல் சட்டத்தில் தேடுகிறார்கள். பழைய சம்பளத்தைக் கேட்பதற்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2016-இல் சட்டம் இயற்றித் தடை போட்டது. வேலைக்கான சம்பள வரம்பை முன்கூட்டியே விண்ணப்பதாரருக்குச் சொல்ல வேண்டும் என்ற விதியை 2026 ஜூன் 7-க்குள் சட்டமாக்குமாறு ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகளுக்குக் கெடு விதித்தது. நம்மிடம் இன்னும் கடைசி மூன்று மாத பே ஸ்லிப்பைக் கேட்டு வாங்குகிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு, கையெழுத்துப் போட்டுவிட்ட ஒருவர் என்ன செய்யலாம்? நிறுவனத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் வழி புலப்படும். ஆஃபர் ஏற்கப்பட்டதும் அந்த இடத்துக்கான கோப்பு மூடப்படுகிறது. நிலையான சம்பளத்தை மாற்ற வேண்டுமானால் துறைத் தலைவரிடமும் நிதிப் பிரிவிடமும் ரெக்ரூட்டர் மறுபடி அப்ரூவலுக்கு அலைய வேண்டும். பக்கத்து நாற்காலிக்காரரின் சம்பளத்தோடு ஒப்பிடும் பிரச்சினையும் கிளம்பும். ஜாயினிங் போனஸ், இடமாற்றச் செலவு, பழைய நிறுவனத்துக்குக் கட்ட வேண்டிய நோட்டீஸ் தொகை போன்றவை ஒருமுறைச் செலவுகள் என்பதால் பல நிறுவனங்களில் எளிதில் நகரும். வைப்பு நிதியை முழு அடிப்படைச் சம்பளத்துக்குப் பிடிப்பதா, 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு மட்டும் பிடிப்பதா என்பதைத் தேர்ந்தெடுக்கச் சில நிறுவனங்கள் இடம் கொடுக்கின்றன. ஆறு மாதத்தில் சம்பள மறு ஆய்வு என்ற உறுதியையும் கேட்கலாம், எழுத்தில் வந்தால் மட்டுமே அதற்கு மதிப்பு. முதலில் போனில் பேசி, எது மாறியது என்பதை எண்ணோடு சொல்லி, பிறகு மின்னஞ்சலில் உறுதிப்படுத்துவது நல்லது. ஒரே ஒரு கோரிக்கை, ஒரே ஒரு முறை. மறுத்தால் சேருவதா வேண்டாமா என்பதைப் பேசப் போவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். சேர மாட்டேன் என்று மிரட்டிவிட்டுச் சேர்ந்தால் முதல் நாளே மதிப்புப் போய்விடும்.

தனி ஆளின் சாமர்த்தியத்தால் தீரும் விஷயமாக இதை விட்டுவிடவும் கூடாது. நியமன ஆணையைக் கட்டாயமாக்கிய அரசு, அதன் அடுத்த படியாக, ஏற்கப்பட்ட ஆஃபருக்கும் ஒரு பாதுகாப்புத் தர வேண்டும். தொகையைக் குறைத்தாலோ நாளைத் தள்ளினாலோ நஷ்டஈடு எவ்வளவு என்று லெட்டரிலேயே இருக்க வேண்டும். ஊழியருக்கு பாண்டு எழுதத் தெரிந்த நிறுவனங்களுக்குத் தம் பக்கத்தையும் எழுதுவது கடினமில்லை.

அது வரும்வரை, ஆஃபர் கையில் இருப்பவர்கள் ஒன்றை மட்டும் தவறாமல் செய்யட்டும். ‘அக்செப்ட்’ அழுத்துவதற்கு முன், பழைய வேலையின் ராஜினாமாக் கடிதத்தை அனுப்புவதற்கு முன், மாதம் கைக்கு வரும் தொகை, சேரும் தேதி, வேலை செய்யும் ஊர் மூன்றையும் மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் தர மறுக்கும் இடத்தில் கையெழுத்தை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள்.